கோயில் திருவிழாவுக்குப் பிக்சல் லைட்: செய்து விற்பதா, வாடகைக்கு விடுவதா?

டிக்கோயா_பிக்சல்:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். பொழுதுபோக்காகச் செய்த லைட் செட்டைத் தொழிலாக்க யோசனை வேண்டும்.

கையில் இருப்பது இதுதான்: 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 புல்லட் பிக்சல் (ஒவ்வொன்றின் நிறத்தையும் தனியே மாற்றக்கூடிய குண்டு எல்இடி) 600 (50 வீதம் 12 சரம்), கன்ட்ரோலராக வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி32 போர்டு, அதில் லைட்டை ஓட்டும் டபிள்யூஎல்இடி மென்பொருள், 12 வோல்ட் 33 ஆம்பியர் பவர் சப்ளை இரண்டு. இரும்புக் குழாய் வளைவு, ஓம் போர்டு, வேல் மூன்றும் தயார்.

கோளாறு மூன்று. வெள்ளை போட்டால் கடைசிச் சரங்கள் மஞ்சளாகிப் பிறகு சிவக்கின்றன. பனி விழும் இரவில் முதல் சரமே துடிக்கிறது. கரண்ட் போய் வந்தால் மொத்த வளைவும் ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது.

மாசி, பங்குனித் திருவிழாவுக்கு இங்கே இலங்கை மலைநாட்டில் இரண்டு தேயிலைத் தோட்டக் கோயில் கமிட்டிகள் கேட்கின்றன. எல்ல ஊர்ப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே (விருந்தாளி தங்கும் வீடு), முற்றத்துக்கு லைட் கேட்கிறது. விற்பதா, வாடகையா? விலை எப்படிப் போடுவது? எங்கே பதிய வேண்டும்?

கம்பிச்சுருள்:

தம்பி, விலைக்கு முதல் அந்த மூன்று கோளாறையும் தீர்த்துவிடுங்கள். வீட்டு வாசலில் துடித்தால் நீங்கள் மட்டும்தான் பார்ப்பீர்கள். சாமி ஊர்வலத்தில் துடித்தால் பக்கத்துத் தோட்டம் வரை பேச்சு போகும்.

முதலில் சிவப்பு. முழு வெள்ளையில் ஒரு பிக்சல் 60 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 600க்கு 36 ஆம்பியர், 432 வாட். உங்கள் சப்ளை இரண்டும் சேர்ந்து 66 ஆம்பியர், ஆகவே குறை அதில் இல்லை, வயரில்தான். நீல, பச்சை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். வோல்டேஜ் இறங்கினால் நீலம் முதலில் சாகும், பிறகு பச்சை. மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக மாறுவது அதனால்தான்.

100 பிக்சலுக்கு ஓர் இடத்தில் கரண்டைப் புதிதாக ஊட்டுங்கள். 1.5 சதுர மி.மீ. செப்பு வயரில் 10 மீட்டர் போய் வந்தால் 0.24 ஓம். 100 பிக்சல் முழு வெள்ளையில் 6 ஆம்பியர் இழுக்கும்போது கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். வெளிச்சத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினால் இழப்பு 0.6 வோல்ட்டுக்குள் நிற்கும். இருட்டில் 40 சதவீதமே கண்ணைக் கூசும், எனவே டபிள்யூஎல்இடியில் உள்ள கரண்ட் வரம்பைக் கட்டாயம் போடுங்கள்.

வரம்பு போட்ட பிறகு 6 ஆம்பியர் போகாது, எனவே ஊட்டும் ஒவ்வொரு வழிக்கும் 5 ஆம்பியர் பிளேட் பியூஸ் வேண்டும். வாகன உதிரிப்பாகக் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும். இது இல்லாவிட்டால் மெல்லிய சரத்தில் ஷோர்ட் ஆனாலும் 33 ஆம்பியர் சப்ளை நிற்காமல் ஊட்டும், வயர்தான் எரியும். இரண்டு சப்ளையின் பிளஸ்ஸை ஒருபோதும் சேர்க்காதீர்கள். சப்ளை மாறும் இடத்தில் சரத்தின் பிளஸ் வயரை வெட்டி, மைனஸ்ஸை மட்டும் தொடர விடுங்கள். சப்ளையின் பக்கவாட்டில் 110/220 சுவிட்ச் இருந்தால் 220இல் இருக்கிறதா என்று பாருங்கள். 110இல் விட்டு 230 வோல்ட்டைக் கொடுத்தால் சத்தத்தோடு போகும்.

அடுத்தது துடிப்பு. இதற்குக் காரணம் இரண்டு. ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட் சிக்னல், பிக்சலுக்குள் இருக்கும் சிப் 5 வோல்ட் சிக்னலை எதிர்பார்க்கிறது. காய்ந்த இரவில் ஓடிவிடும், ஈரம் ஏறிக் கசிவு கூடினால் தடுமாறும். சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் 74ஏஎச்சிடி125 சிப் ஒன்றை 5 வோல்ட்டில் போட்டு, அதன் வெளியே போகும் வயரில் 100 முதல் 330 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். கன்ட்ரோலரை முதல் பிக்சலுக்கு 2 மீட்டருக்குள் கட்டுங்கள். சப்ளை தூரத்தில் இருக்கலாம், கன்ட்ரோலர் இருக்கக் கூடாது.

மற்றது பனி. மலைநாட்டில் லைட் செட்டைக் கொல்வது மழையை விடப் பனிதான். முழுக்க அடைத்த பெட்டி பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும், விடியும்போது உள்பக்கம் வியர்த்திருக்கும். எனவே வயர் போகும் கிளேண்ட் (வயரை இறுக்கிப் பிடிக்கும் வாய்) எல்லாம் பெட்டியின் அடியில், கூடவே மிகத் தாழ்ந்த மூலையில் 5 மி.மீ. துளை ஒன்று. வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சல்லடை மூடியுள்ள அலுமினிய சப்ளையை வெறுமனே கூடாரத்துக்குள் வைப்பது காணாது.

ஈயம் வைத்த இடத்தில் பிளக்ஸ் (ஈயம் ஒட்டப் போடும் பசை) மிச்சம் இருக்கவே கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹோலால் துடையுங்கள். பிளக்ஸும் ஈரமும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் பிளஸ் பக்கச் செம்பு கரைந்து பச்சைப் பூ பூக்கும். மூட்டுக்கு, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். சிலிக்கன் வாங்கும்போது மணந்து பாருங்கள், வினாகிரி வாடை வந்தால் அது செம்பை அரிக்கும், நியூட்ரல் வகை கேளுங்கள். வெட்டிய சரத்தின் நுனியையும் மூட மறக்காதீர்கள். வயர் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி அடுத்த பிக்சல் வரை போகும்.

மூன்றாவது சின்ன விஷயம். ஆரஞ்சு என்பது டபிள்யூஎல்இடி தொடக்கத்தில் காட்டும் நிறம். உங்களுக்கு வேண்டிய நிற அமைப்பைப் பிரீசெட்டாகச் சேமித்து, பூட் ஆகும்போது அதையே போடச் சொல்லுங்கள். வைஃபை பாஸ்வேர்டையும் உடனே மாற்றுங்கள். கூட வரும் பாஸ்வேர்ட் உலகத்துக்கே தெரியும், கூட்டத்தில் ஒரு பொடியன் போனை எடுத்தால் அம்மன் வளைவு டிஸ்கோ ஆகிவிடும்.

இரும்பு வளைவுக்கு எர்த் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றைச் செட்டோடு சேர்த்தே கொண்டு போங்கள், கோயில் போர்டை நம்பாதீர்கள். லயத்து வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வயர் இழுத்துத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம்.

கணக்கப்பிள்ளை:

கோயிலுக்கு விற்காதீர்கள். வருடத்தில் ஒரு கிழமை எரியும், மிச்ச நாள் களஞ்சிய அறையில் கிடந்து எலி கடிக்கும். அடுத்த வருடம் "நீ வித்த லைட்டு எரியல" என்று உங்களையே கூப்பிடுவார்கள், காசும் வராது. கோயிலுக்கு வாடகை, ஹோம்ஸ்டேக்கு விற்பனை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கணக்கை உதாரணத்துக்குச் சொல்கிறேன். பொருள் மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைப்போம். கட்டிக் கழற்றிச் சுருட்டும் பிக்சலை இரண்டு சீசனுக்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள். சீசனுக்குப் பத்து வாடகை என்றால் ஒரு வாடகைக்குத் தேய்மானம் 5,000. உதிரிக்கு அதில் பத்தில் ஒன்று. அதற்கு மேல் வேன் போக வர, கட்ட இரண்டு பேருக்கு ஒரு நாள், கழற்ற அரை நாள், இரவில் நிற்க ஒருவர், சாப்பாடு. இவ்வளவையும் கூட்டிய பிறகுதான் இலாபம் 25 அல்லது 30 சதவீதம். பலரும் முதலில் விடுவது கழற்றும் அரை நாளையும் திரும்பி வரும் வேனையும். மஸ்கெலியாவில் கட்டி நள்ளிரவில் கழற்றினால் வேன்காரர் இரட்டிப்புக் கேட்பார்.

இன்னொன்று, பங்குனி உத்திரம் எல்லாக் கோயிலுக்கும் ஒரே நாள். மாசி மகமும் அப்படித்தான். 600 பிக்சலும் ஒரே கட்டாக இருந்தால் அன்று ஒரு வாடகைதான். மூன்று 200ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்ட்ரோலரும் தனிச் சப்ளையும் கொடுங்கள். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் எரியும். 50 பிக்சல் சரம் ஒன்றும் சப்ளை ஒன்றும் எப்போதும் வேனில் கூடுதலாக இருக்கட்டும். திருவிழா இல்லாத காலத்துக்கு வெசாக், நத்தார், நுவரெலியாவின் ஏப்ரல் சீசன் இருக்கின்றன.

கமிட்டியிடம் பாதி முற்பணம், மீதி கட்டி எரியவிட்ட அன்றே. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு எடுக்கும் சந்தா சம்பளத்தோடுதான் சேரும், முற்பணத் திகதியைச் சம்பள நாளுக்குப் பிறகு வையுங்கள். ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்து: கரண்ட் யார் பொறுப்பு, ஜெனரேட்டர் யார் பொறுப்பு, வெடி பட்டோ கூட்டம் இடித்தோ உடைந்தால் பிக்சலுக்கு எவ்வளவு, மழையில் திருவிழா தள்ளிப்போனால் என்ன. தலைவர் சொந்தக்காரராக இருந்தால் இன்னும் கட்டாயம் எழுதுங்கள்.

ஹோம்ஸ்டேக்குப் பிக்சலே வேண்டாம். 24 வோல்ட், 2700 முதல் 3000 கெல்வின், ஒரே நிற ஸ்ட்ரிப் போதும். வெள்ளைக்கார விருந்தாளி ஓடும் வானவில்லைக் கேட்பதில்லை. 24 வோல்ட் என்றால் அதே வாட்டுக்குக் கரண்ட் பாதி, வயர் இழப்பும் குறையும். சப்ளைக்கு ஒரு வருட உத்தரவாதம் கொடுக்கலாம், இடி மின்னல் சேதம் அதில் இல்லை என்று பில்லிலேயே எழுதுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சேர்ஜ் புரொடெக்டரைத் தனி விலையாகப் போட்டுக் காட்டுங்கள்.

பதிவுத்தபால்:

தனி ஆள் தொழில் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். கிராம உத்தியோகத்தரின் சான்று, அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் கேட்பார்கள். நம்மவர்கள் சிக்குவது கடைசியாகச் சொன்ன பத்திரத்தில்தான். லயத்து அறை உங்கள் பெயரில் இல்லை, தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்படும். அது இழுபட்டால் டவுனில் சொந்தக்காரரின் கடை முகவரியில், அவருடைய சம்மதத்தோடு பதியுங்கள். பதிவுச் சான்றிதழோடு போனால் வியாபாரப் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறக்கலாம். ஹோம்ஸ்டேகாரர் காசோலை எழுத அது வேண்டும். பிரதேச சபையில் வியாபார வரியையும் விசாரியுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு அரசாங்கத்தின் விதாதா வள நிலையம் இருக்கிறது.

வைஃபை உள்ள கருவியை வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்கினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இப்போதைக்குக் கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பில்லோடு வாங்குவதே சுலபம். டபிள்யூஎல்இடி இலவசம்தான், வியாபாரத்துக்கும் பாவிக்கலாம். ஆனால் புதிய பதிப்புகள் ஈயூபிஎல் (ஐரோப்பிய ஒன்றியத்தின் திறந்த மென்பொருள்) உரிமத்தில் வருகின்றன. நிரலை மாற்றிப் பெட்டியில் போட்டு விற்றால் மாற்றிய நிரலையும் கொடுக்க வேண்டிவரும்.

டிக்கோயா_பிக்சல்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஒன்று விட்டுப்போனது. ஒரு கமிட்டி, டிராக்டர் பெட்டியில் வரும் சப்பரத்துக்கும் 200 பிக்சல் கேட்கிறது. ஜெனரேட்டர் சத்தம் வேண்டாமாம். பேட்டரியில் ஓடுமா?

கம்பிச்சுருள்:

ஓடும். 200 பிக்சல் முழு வெள்ளையில் 144 வாட், 40 சதவீதத்தில் 60 வாட் அளவில் நிற்கும். 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அது 600 வாட் மணி. கணக்குக்குப் பத்து மணி நேரம், பழைய பேட்டரி, குளிர் எல்லாம் பார்த்தால் ஆறு மணி நேரம் என்று சொல்லுங்கள். லித்தியம் இரும்பு பொஸ்பேட் என்றால் எடையும் குறைவு, எண்பது சதவீதம் வரை எடுக்கலாம்.

டிராக்டரின் சொந்த பேட்டரியில் மட்டும் கொழுவாதீர்கள். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை ஏறும், பிக்சலுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் சூடாகும். ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்டேஜ் விழுந்து கன்ட்ரோலர் ரீசெட் ஆகும். தனி பேட்டரி, அதன் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ். ஈஎஸ்பி32க்கு 12ஐ 5 ஆக்கும் பக் கன்வர்ட்டர்.

போர்டில் துளை 12 மி.மீ. பிட்டால் போடுங்கள். அரை அங்குல பிட் 12.7, பெட்டி குலுங்கும்போது பிக்சல் கழன்று விழும். பலகை 3 மி.மீ. போதும். ஒவ்வொரு சரத்தையும் பத்துப் பிக்சலுக்கு ஒரு இடத்தில் பின்பக்கம் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். டிராக்டர் குலுங்கிப் போகும் அந்தத் தோட்டப் பாதையில் வயர் மூட்டு பாரம் தாங்கக் கூடாது.