கேம் மாஸ்டருக்குக் 'கட்டியக்காரர்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ஆட்டங்களில் அந்தக் கதையை நடத்திச் செல்பவர்தான் கேம் மாஸ்டர். அவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில் 'ஆட்ட நடத்துநர்' என்று நேற்று வந்த பரிந்துரையைப் படித்ததும் எனக்கு 29சி பேருந்துதான் ஞாபகத்துக்கு வந்தது. சென்னையில் நடத்துநர் என்றால் விசில் ஊதி, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டுபவர். அந்தச் சொல்லை அவரிடமிருந்து பிடுங்க முடியாது. இன்னொரு பரிந்துரையான 'நிலவறைத் தலைவர்' அதைவிட மோசம். கதை காட்டிலோ கப்பலிலோ நடந்தால் நிலவறைக்கு எங்கே போவது?

ஆங்கிலத்திலும் இவருக்கு ஒரே பெயர் இல்லை. 1974இல் இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வெளிவந்தபோது கையேட்டில் வெறும் 'ரெஃபரி'. டன்ஜன் மாஸ்டர், அதாவது அந்த 'நிலவறைத் தலைவர்', பிறகு வந்தது. கால் ஆஃப் கதுலு என்ற ஆட்டத்தில் அவரே 'கீப்பர்', வேறு சில ஆட்டங்களில் 'ஸ்டோரிடெல்லர்'. ஆகவே பெயரை விட்டுவிட்டு, அவர் பார்க்கும் வேலையை வைத்துச் சொல் தேடலாம்.

போன ஞாயிறு மந்தைவெளியில் ஒரு வீட்டில் ஆடினோம். கேம் மாஸ்டர் கல்லூரியில் படிக்கும் பெண். பழைய காலண்டர் அட்டையை மூன்றாக மடித்து முன்னால் நிறுத்தியிருந்தாள். அதன் மறைவில் குறிப்பு நோட்டும் பகடைகளும். ஒரு மணி நேரத்துக்குள் சத்திரக்காரர் ஆனாள், கோட்டைக் காவலாளி ஆனாள், கிணற்றடியில் மூக்கால் பேசும் பூதமும் ஆனாள். நாங்கள் கோட்டைக் கதவைத் தட்டியதும் கட்டைக் குரலில், "யாருப்பா நீ? எந்த ஊரு? இந்நேரத்துல இங்க என்ன வேலை?" என்றாள்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டும். திரைக்குப் பின்னால் வேடக்காரர் வந்து நிற்க, யார் என்ன என்று கேட்டு அவர் வாயைக் கிளறுபவர் கட்டியக்காரர். சேவகன், தூதன் என்று சில்லறை வேடங்களும் பெரும்பாலும் அவர் தலையில்தான். நடுவில் ராஜாவையே கிண்டலடிப்பார், பார்ப்பவர்களிடமும் பேசுவார்.

ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. கூத்தில் முடிவு ஊருக்கே தெரியும், கர்ணன் பிழைக்கப்போவதில்லை. கட்டியக்காரர் தீர்ப்பும் சொல்வதில்லை. இங்கேயோ பகடை விழுகிற பக்கம் கதை திரும்புகிறது, விதியில் சண்டை வந்தால் கேம் மாஸ்டர் சொல்வதே முடிவு. 'நடுவர்' போதும் என்ற நண்பரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஞாயிறு மூன்று மணி நேர ஆட்டத்தில் தீர்ப்புக்குப் போனது ஐந்து நிமிடம் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் சத்திரமும் பூதமும்தான். பட்டிமன்ற நடுவர் மூக்கால் பேசுவாரா?

'கட்டியக்காரன்' வேண்டாம், பெண்களும் நடத்துகிறார்கள். 'கட்டியக்காரர்' என்றே வைப்போம்.

அப்புறம், இருபதுமுகப் பகடையில் இருபது விழுவதைத் 'தாயம்' எனலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகு, ஆனால் குழப்பும். நமக்குத் தாயம் என்றால் ஒன்று. அது விழுந்தால்தான் காய் இறங்கும். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸிலோ எதிரியைத் தாக்கும்போது ஒன்று விழுந்தால் வீச்சு வீண். பாட்டியோடு தாயக்கட்டை உருட்டி வளர்ந்த என் தம்பி, அன்று ஒன்று விழுந்ததும் "தாயம்!" என்று கத்திக் கை தட்டினான். எதிரே இருந்த பூதமே சிரித்துவிட்டது.