கடிதத்தில் என்ன இருந்தது? – கதைச்சுருக்கமும் ஏஜென்ட்டும்: நம் அனுபவங்கள்

ஹாரோ, லண்டன்

நாவலை முடித்து ஏஜென்ட்டுகளுக்கு (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தருபவர்களுக்கு) அனுப்பியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் தொடங்குகிறேன்.

என் நாவல் ஆங்கிலத்தில் 94,000 சொற்கள். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு எழுதியது. நாலு வருஷம் ஆயிற்று. இங்கே பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடம் நேரடியாகப் பிரதி வாங்குவதில்லை, ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஏஜென்ட்டுகள் வழக்கமாகக் கேட்பது ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள்.

முதலில் 11 பேருக்கு அனுப்பினேன். ஆறு பேர் மறுத்தார்கள். மற்ற ஐந்து பேரிடமிருந்து பதிலே இல்லை. மனம் விட்டுப்போய், ஏற்கெனவே இரண்டு புத்தகம் போட்ட தோழியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். என் சுருக்கத்தின் கடைசி வரி இப்படி: “அக்காவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கடிதம் அவள் வாழ்க்கையையே மாற்றுகிறது.”

“கடிதத்தில் என்ன இருந்தது?” என்றாள்.

“அதைச் சொல்லிவிட்டால் யார் நாவலைப் படிப்பார்கள்?” என்றேன்.

“நீ எழுதியிருப்பது பின்னட்டைக் குறிப்பு. அது கடையில் வாங்குகிறவருக்கு. ஏஜென்ட் உன் கதையை விற்கப் போகிறவர். கதை கடைசி வரை நிற்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?”

அன்றைக்கே உட்கார்ந்து முடிவு வரை எழுதப் பார்த்தேன். இவள் இதைச் செய்தாள், அதனால் அது நடந்தது, அதனால் இது நடந்தது என்று கோத்துக்கொண்டே வந்தால் 19ஆம் அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. அக்கா அந்தக் கடிதத்தை ஏன் 20 வருஷம் மறைத்தாள்? என்னிடம் பதில் இல்லை. நாவலில் மழையும் கோயில் திருவிழாவும் வந்து அந்த ஓட்டையை மூடியிருந்தன. ஒரு பக்கத்தில் மூட முடியவில்லை. அப்புறம் ஐந்து மாதம் நாவலையே திருத்தினேன். அக்காவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. இப்போது அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் அதுதான்.

புதுச் சுருக்கத்தில் நான்கு பெயர்கள் மட்டுமே வைத்தேன். நாவல் ‘நான்’ என்று பேசினாலும் சுருக்கத்தை ‘அவள்’ என்றே, நிகழ்காலத்தில் எழுதினேன். அடுத்து எட்டுப் பேருக்கு அனுப்பினேன், இரண்டு பேர் முழுப் பிரதி கேட்டார்கள். ஒருவர் என்னை எடுத்துக்கொண்டார். நாவல் இன்னும் விலைபோகவில்லை, காத்திருக்கிறேன்.

மதுரை

அக்கா, எனக்கு நடந்தது வேறு. ஏஜென்சி என்று சொல்லிக்கொண்ட ஒரு இடத்தில் ‘வாசிப்புக் கட்டணம்’ என்று 18,000 ரூபாய் கேட்டார்கள். கட்டிவிட்டேன். இரண்டு வாரத்தில் “அருமையான நாவல், இனி எடிட்டிங் கட்டணம் கட்டுங்கள்” என்று கடிதம் வந்தது. அதில் என் கதையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் விசாரித்தேன். முறையான ஏஜென்ட் முன்பணம் வாங்க மாட்டார். புத்தகம் விற்றால் எழுத்தாளருக்கு வரும் பணத்தில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். யாராவது முதலிலேயே பணம் கேட்டால் தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு சந்தேகம்: ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாமா?

சென்னை

நான் தமிழிலிருந்து மொழிபெயர்க்கிறேன். தமிழ்ப் பதிப்பில் ஏஜென்ட் என்ற வழக்கமே அநேகமாக இல்லை, எழுத்தாளரும் பதிப்பாளரும் நேரில் பேசி முடித்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி தொடங்கிய பிறகுதான் வெளிநாட்டுப் பதிப்பாளர் எதிரில் உட்கார்ந்து கதை சொல்லும் வாய்ப்பு நம் பலருக்கும் வந்தது.

என் சுருக்கத்தில் ‘முறைப்பெண்’ என்ற சொல்லை வைத்து, அடைப்புக்குறிக்குள் உறவுமுறையை விளக்கியிருந்தேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிட வேண்டியதுதானே?” என்று கேட்டார். உறவு அவருக்குப் புரிந்துவிட்டது, அதன் கனம் புரியவில்லை. அடுத்த முறை விளக்கத்தை எடுத்துவிட்டேன். “இவளை மறுத்தால் அவன் அம்மா தன் பிறந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது” என்று ஒரே வரி எழுதினேன். படித்தவர் நிமிர்ந்து, “அம்மா என்ன செய்கிறாள்?” என்றார்.

ஹாரோ, லண்டன்

சென்னைக்காரர் சொன்ன வரியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மதுரைத் தம்பிக்கு: பலருக்கு அனுப்பலாம், யாரும் தவறாக எடுப்பதில்லை. ஆனால் ஒரே ஏஜென்சியில் இரண்டு பேருக்கு ஒன்றாக அனுப்ப வேண்டாம். ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அந்த 18,000 ரூபாய்க்காக நாவலைக் கட்டி வைத்துவிடாதீர்கள். சுருக்கத்தை எனக்கு அனுப்புங்கள், வியாழக்கிழமை லீவு, உட்கார்ந்து படிக்கிறேன். முடிவையும் சேர்த்து அனுப்புங்கள்.