சேவை நோக்குக் கட்டமைப்பைக் காணொளிகள் வழியே கற்றவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்:

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு எட்டாவது செமஸ்டரில் ‘சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர்’, அதாவது சேவை நோக்குக் கட்டமைப்பு, என்றொரு தாள் இருந்தது. மென்பொருளைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, அவை வலையமைப்பு வழியே ஒன்றையொன்று அழைத்துப் பயன்படுத்தும்படி அமைப்பதுதான் அது. ப்ராஜெக்ட்டும் வேலை தேடலும் ஒன்றாக வந்து நெருக்கும் பருவம் என்பதால், தேர்வுக்கு முந்தைய இரவில் பார்த்த காணொளிகளே எங்களில் பலருக்கு அந்தப் பாடத்தின் ஆசிரியர். பின்னாளில் காப்பீட்டு நிறுவனங்களின் கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பணிக்கு வந்தபோது, அதே பாடத்தை யூடியூபில் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் சுற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழிலோ ஆங்கிலத்திலோ, அறிமுகக் காணொளிகளில் பெரும்பாலானவை ஓர் உணவகத்தில் தொடங்குகின்றன. மெனு கார்டுதான் ஒப்பந்தம், பரிமாறுபவர்தான் இடைமுகம், சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று விளக்குவார்கள். முதல் பத்து நிமிடங்களுக்கு இது போதும். ஆனால் ஆர்டர் எடுத்துச் சென்றவர் திரும்பி வராவிட்டால் உணவகத்தில் நாம் எழுந்து சென்று எட்டிப் பார்த்துவிடலாம்; வலையமைப்பில் அதற்கு வழியில்லை. கோரிக்கை போய்ச் சேரவே இல்லையா, வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா, மறுமுனை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்ற மூன்றையும், அழைத்த நிரலால் பிரித்தறிய முடியாது. சன் நிறுவனத்தில் பணியாற்றிய பீட்டர் டாய்ச் 1994இல் தொகுத்த ‘பரவல் கணிமையின் (பல கணினிகளை வலையமைப்பில் இணைத்துச் செயல்படுத்துவதன்) தவறான நம்பிக்கைகள்’ பட்டியலில் முதலில் நிற்பதே, வலையமைப்பு நம்பகமானது என்ற எண்ணம்தான். இந்தப் பாடத்தின் கடினமான பகுதி முழுவதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. அறிமுகக் காணொளிகளோ இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருபக்க அம்புக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகின்றன.

அடுத்தது அந்த முக்கோணம். சேவை வழங்குபவர், சேவையைப் பெறுபவர், இருவருக்கும் பொதுவான பதிவகம் என்ற படத்தைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டார்கள். சேவைகள் தமக்குள் செய்தி பரிமாறும் முறையான சோப்பின் (SOAP) 1.1 பதிப்பு, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் 2000இல் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் யுடிடிஐ என்ற பதிவக முறையும், 2001இல், ஒரு சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் மொழியின் 1.1 குறிப்பும் வெளிவந்தன. உலகத்துச் சேவைகள் எல்லாம் ஒரு பொதுப் பதிவகத்தில் இடம்பெறும், நிரல்கள் தாமாகவே தேடி இணைந்துகொள்ளும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அது கைகூடவில்லை, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகிய நிறுவனங்கள் நடத்திவந்த பொதுப் பதிவகம் 2006 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் பதிவேற்றப்பட்ட காணொளிகளிலும் அந்த முக்கோணம் இன்றைய நடைமுறைபோலவே வரையப்படுகிறது.

எனவே, பார்வையாளர் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, உரை நிகழ்த்தப்பட்ட ஆண்டு வரிசையில் பார்க்கத் தொடங்கினேன். 2008 லண்டன் கியூகான் மாநாட்டில், மென்பொருள் வடிவமைப்பு வல்லுநர்களான மார்ட்டின் ஃபவுலரும் ஜிம் வெப்பரும் சேர்ந்து ஆற்றிய உரை, நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய ஈஎஸ்பி என்னும், சேவைகளுக்கு நடுவே நின்று செய்திகளைக் கடத்தும் இடைத்தரகு மென்பொருளைச் சிரிக்கச் சிரிக்கக் கிண்டல் செய்கிறது. அதைப் பார்த்த பிறகு, 2014இல் பெர்லின் கோட்டோ மாநாட்டில் ஃபவுலர் மைக்ரோசர்வீஸ் (மென்பொருளைச் சிறு சிறு தனிச் சேவைகளாகக் கட்டும் முறை) பற்றிப் பேசியதைப் பார்த்தால், அறிவு முனைகளிலுள்ள சேவைகளில் இருக்கட்டும், நடுவிலுள்ள குழாய் வெறும் குழாயாகவே இருக்கட்டும் என்று அவர் ஏன் வலியுறுத்துகிறார் என்பது விளங்குகிறது. இரண்டாவது உரையை மட்டும் தனியே பார்ப்பவருக்கு அது புத்தம்புதுக் கண்டுபிடிப்பாகத் தோன்றும். வரிசையில் பார்ப்பவருக்கு அது ஈஎஸ்பிக்குச் சொல்லப்பட்ட பதிலாகத் தெரியும்.

கூடவே, சேவைகளைச் சோதித்துப் பார்க்க உதவும் சோப்யூஐ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை அதில் ஏற்றினால், எக்ஸ்எம்எல் என்னும் குறியீட்டு வடிவில் எழுதிய செய்தியின் உறையும் அதனுள் தலைப்பும் உடலும் கண்முன் வந்துவிடும். போலிச் சேவை ஒன்றை உருவாக்கி, அது வேண்டுமென்றே தாமதமாகப் பதிலளிக்கும்படி அமைத்தால், காணொளியில் அம்புக்குறியாக இருந்தது டைம்அவுட்டாக, அதாவது காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோன பிழையாக, மாறிவிடும்.

திருச்சியிலிருந்து, இந்தத் தாளை நடத்திய ஆசிரியை ஒருவர்:

கோவை நண்பர் முக்கோணத்தின் மீது சற்றுக் கடுமையாக இருக்கிறார். பாடத்திட்டத்தில் யுடிடிஐ இருந்தது, தேர்வில் கேட்டார்கள், ஆகவே காணொளி செய்தவர்களும் அதை வரைந்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஐஐடி கரக்பூரின் கிளவுட் கம்ப்யூட்டிங் பாடம், இணையவழிப் பாடங்களைத் தரும் என்பிடெல் தளத்தில் இருக்கிறது. அதில் எக்ஸ்எம்எல், வலைச்சேவைகள், சேவை நோக்குக் கட்டமைப்பு ஆகியவை நிதானமாக அடுத்தடுத்து வருவதால், மாணவர்களுக்கு அதையே பரிந்துரைத்து வந்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்தது என்பார்கள். வகுப்பில் அதே காணொளியை ஓர் அம்புக்குறியில் நிறுத்தி, இந்தப் பதில் வராவிட்டால் இங்கே யார், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் அமைதிதான். பிறகு ஒருவர் பேசத் தொடங்கினால் வகுப்பு சூடுபிடித்துவிடும்.

சென்னையிலிருந்து, வங்கிப் பரிவர்த்தனை மென்பொருளில் பணிபுரியும் ஒருவர்:

திருச்சி ஆசிரியை கேட்ட கேள்விக்குத் தினந்தோறும் விடை காண வேண்டிய இடத்தில் வேலை செய்கிறேன் என்பதால் இதைச் சேர்க்கிறேன். 2016இல் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ அறிமுகப்படுத்திய யுபிஐயில், வங்கிகளுக்கும் என்பிசிஐக்கும் இடையே செல்பவை எக்ஸ்எம்எல் செய்திகளே. பணம் செலுத்தும் கோரிக்கை சென்றதும், பெற்றுக்கொண்டோம் என்ற ஒப்புகை மட்டுமே உடனே வரும். உண்மையான முடிவு வேறொரு செய்தியாகப் பின்னர் வரும். முதலில் அனுப்புநரின் வங்கியில் பற்று, அடுத்துப் பெறுநரின் வங்கியில் வரவு என்று இரண்டும் தனித்தனி அழைப்புகள். இரண்டையும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனையாகப் பூட்டிவைக்க முடியாது, ஏனெனில் தரவுத்தளங்கள் வெவ்வேறு நிறுவனங்களுடையவை.

இந்த ஏற்பாட்டை எனக்குப் புரியவைத்தவை ‘சாகா’ முறையைப் பற்றிய காணொளிகள். நீண்ட பரிவர்த்தனையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றை வைத்துக்கொள்ளும் இந்த யோசனையை, ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. யுபிஐயில் வரவு மறுக்கப்பட்டால், பற்று வைத்த வங்கிக்கு அதைத் திருப்பும்படி செய்தி செல்கிறது, அதுவே எதிர்ப்படி.

வரவு வைக்கச் சொன்ன அழைப்புக்குப் பதிலே வராவிட்டால் நிலைமை வேறு. பெறுநரின் வங்கி பணத்தை ஏற்கெனவே வரவு வைத்திருக்கலாம் என்பதால், உடனே திருப்பிவிட்டால் ஒரே தொகை இருவர் கையிலும் இருக்கும். அதனால் அத்தகைய பரிவர்த்தனை நிறைவேறியதாகவே கருதப்பட்டு, பின்னர் கணக்குச் சரிபார்ப்பில் தீர்க்கப்படுகிறது. கோவை நண்பர் சொன்ன அந்த மூன்று சாத்தியங்களையும் பிரித்தறிய முடியாததற்கு வங்கித்துறை கண்டிருக்கும் ஏற்பாடு இதுதான். இதை விளக்கும் நல்ல தமிழ்க் காணொளி யாருக்காவது தெரிந்தால் இங்கே குறிப்பிடுங்கள்; எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும்.