மறு: வன்தட்டில் ‘துண்டு நீக்கம்’: எதை நீக்குகிறோம்?

வணக்கம்.

> டிஃப்ராக் என்பதற்குத் ‘துண்டு நீக்கம்’ போதும். எல்லோருக்கும் விளங்குகிறது. அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

போகலாம்தான். டிஃப்ராக் என்பது வன்தட்டில் (கணினி கோப்புகளைச் சேமிக்கிற, சுற்றும் தட்டில்) சிதறிக் கிடக்கிற கோப்புத் துண்டுகளை ஓரிடத்தில் வரிசையாக வைக்கிற வேலை. போன கிழமை எனக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியோரம் இருக்கிற என் கடைக்கு ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பழைய மேசைக் கணினியைக் கொண்டுவந்தார். போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிந்தும் திரை வரவில்லையாம். தூசி தட்டி, தேவையில்லாத மென்பொருள்களைக் கழற்றி, வன்தட்டையும் சீராக்கி அனுப்பினேன். கணினிக்குத் தமிழ்ச் சொல் தேடுகிற இந்தக் குழுவில் பேசிய சொல்லாயிற்றே என்ற பெருமையில், பற்றுச்சீட்டில் ‘வன்தட்டுத் துண்டு நீக்கம்’ என்று எழுதினேன். இரவு எட்டரைக்குத் தொலைபேசி.

“தம்பி, என்னத்தை நீக்கினனீர்? மகளின்ர கலியாணப் படமெல்லாம் அதுக்குள்ளதானே கிடந்தது?”

“ஒன்றும் போகேல்லை ரீச்சர்.”

“நீக்கம் எண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர்!”

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், தாலி கட்டிய படத்திலிருந்து பந்தியில் இருந்த படம்வரை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி வந்தது.

ரீச்சரில் பிழை சொல்ல முடியாது. ‘நீக்கு’ என்பதை டிலீட்டுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். கைப்பேசியில் ஒரு படத்தை அழிக்கப் போனாலும் ‘நீக்கவா?’ என்றுதான் கேட்கிறது. அதே சொல்லைக் கொண்டுபோய், ஒரு கோப்பும் அழியாத வேலைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறோம். ஆங்கிலச் சொல்லின் முன்னால் நிற்கும் ‘டி’யைப் பார்த்து நீக்கம் என்றோமே தவிர, நடக்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை.

வேலை என்னவென்று தோட்டக்காரன் மகனாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒன்பது பரப்புக் காணி. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் அரை ஏக்கருக்கும் கொஞ்சம் கூட. ஆனால் கோண்டாவிலில் மூன்று பரப்பு, இணுவிலில் இரண்டு, உரும்பிராயில் நாலு. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த எங்கள் வழமைச் சட்டமான தேசவழமைக்கும் முந்தியே, முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் என்று தலைமுறைக்குத் தலைமுறை பிரிபட்டு வந்த காணிகள். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க, சைக்கிள் கரியரில் பம்பைக் கட்டிக்கொண்டு மூன்று ஊரும் போவார். இறைக்கிற நேரத்தைவிடச் சைக்கிள் உழக்குகிற நேரம்தான் கூட.

ஒரு கோப்பு துண்டு துண்டாய்ப் பல இடத்தில் கிடந்தால், வன்தட்டின் வாசிப்பு முனைக்கும் அதே பாடுதான். நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிற தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை தடம் மாறுவதற்கு இன்னுமொரு 9 மில்லிசெக்கன் அளவு. ஆகத் துண்டு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 13 மில்லிசெக்கன் ஓட்டத்திலேயே போகிறது. ஆயிரம் துண்டாய்க் கிடக்கிற கோப்பென்றால் பதின்மூன்று செக்கன் வெறும் சைக்கிள் ஓட்டம்.

துண்டுகளைச் சேர்க்கும்போது மென்பொருள் செய்வது காணி மாற்றுவது போன்றதுதான். ஓரிடத்தில் தொடர்ச்சியாக வெறுங்காணி பார்த்து, துண்டுகளை அங்கே வரிசையாகப் படியெடுத்து, எது எங்கே என்ற பதிவேட்டைத் திருத்தி, பழைய இடத்தை விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் தட்டு நிரம்பியிருந்தால் வேலை நடக்காது. விண்டோஸ் எக்ஸ்பி 15 சதவீதமாவது வெற்றிடம் கேட்டது.

விண்டோஸ் 98 இல் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரை நிறையக் குட்டிக் குட்டிச் சதுரங்கள், நிறம் மாறி மாறி இடம்பெயரும். நடுவில் வேறு ஏதாவது மென்பொருள் தட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், திரும்பவும் முதலிலிருந்து. கரண்ட் இல்லாத ஒரு நாள் ஜெனரேற்றரில் ஓடவிட்டு, அறுபது சதவீதம் தாண்டியதும் மண்ணெண்ணெய் முடிந்து நின்ற கதை என்னிடம் இருக்கிறது. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

சரி, இன்றைக்கும் இது தேவையா என்று கேட்டவருக்கு: சுற்றுகிற தட்டென்றால் தேவைதான், ஆனால் நீங்கள் மெனக்கெட வேண்டாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸே கிழமைக்கு ஒருதரம் பார்த்துக்கொள்கிறது. எஸ்.எஸ்.டி. என்பது தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிப்பது. அதில் சுற்றுவதும் இல்லை, முனையும் இல்லை. எங்கே கிடந்தாலும் எடுக்கிற நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்கு இந்த வேலையைக் கையால் செய்வது தேய்மானத்தைக் கூட்டுவதுதான், ஏனென்றால் அதன் ஒவ்வொரு கலத்திலும் இத்தனை தரம்தான் அழித்தெழுதலாம் என்ற கணக்கு உண்டு. அதற்குத் தேவை, எந்த இடம் இனி வேண்டாம் என்று அதற்குச் சொல்கிற ட்ரிம் கட்டளை. கடகடவென்று சத்தம் போடும் தட்டு வந்தால் துண்டைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை. முதலில் படங்களை வேறு தட்டுக்கு எடுத்துவிடுவேன். சாகக் கிடக்கிற தட்டை மணிக்கணக்கில் ஓடவிட்டால் அன்றைக்கே போய்விடும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

‘டிஃப்ராக்’ என்றே விடலாம் என்றார் ஒருவர். இரவல் சொல் எனக்குத் தீட்டு இல்லை. மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர், 1875 இல் வந்த இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றுதான் பெயர் வைத்தார். அந்தச் சொல் நிலைக்கவில்லை. நாங்கள் இரசாயனவியல் என்கிறோம், அக்கரையில், தமிழ்நாட்டில், வேதியியல். ஆனால் ரீச்சருக்கு டிஃப்ராக் என்று எழுதினால் இன்னும் பயந்திருப்பார்.

‘ஒதுக்கல்’ எனக்கு உண்மையில் ஆசையான சொல். வீட்டை ஒதுக்கி வை என்றால், ஒழுங்காக அடுக்கி வை என்று இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஆனால் மென்பொருளுக்கு நினைவகத்தில் இடம் கொடுக்கிற ‘நினைவக ஒதுக்கீட்டில்’ அது மாட்டிக்கொண்டுவிட்டது. ‘தொடராக்கம்’ அழகாயிருக்கிறது, தரவைத் தொடராக மாற்றி அனுப்புகிற வேறு வேலைக்கு அதை ஏற்கெனவே எழுதுகிறார்கள். ‘ஒழுங்கமைப்பு’ என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

என் முன்மொழிவு: நிலைக்குத் ‘துண்டுபாடு’, கோப்புக்குத் ‘துண்டுபட்ட கோப்பு’, வேலைக்குத் ‘துண்டுசேர்ப்பு’, பொத்தானில் ‘துண்டு சேர்’. துண்டைச் சேர்ப்பது என்று இரண்டாம் வேற்றுமையில் விரிவதால் நடுவில் ச் வேண்டாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் தலையில் குட்டலாம்.

———

அண்ணா, கிளிநொச்சி பொறியியல் பீடத்திலிருந்து எழுதுகிறேன். நீக்கம் வேண்டாம் என்பது சரி. ‘சிதறல் நீக்கம்’ என்று முதலில் எழுதியது நான்தான், மீளப் பெறுகிறேன். ஆனால் ‘சேர்’ என்பதும் ஏற்கெனவே பிடிபட்ட சொல்தானே? ஆட் பொத்தானுக்கு எல்லா இடத்திலும் ‘சேர்’ என்றுதான் போடுகிறோம். துண்டு சேர் என்றால் புதிதாக ஏதோ துண்டைக் கொண்டுவந்து போடச் சொல்வதாக எடுக்க மாட்டார்களா? ‘துண்டிணைப்பு’ என்றால் என்ன?

———

நான் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன். இன்று பத்தாந்தர வகுப்பில் பலகையில் ‘துண்டு சேர்’ என்று எழுதி, இதன் பொருள் என்ன என்று கேட்டேன். பின்வாங்கில் ஒருவன் எழும்பி, கடதாசித் துண்டு ஒன்றை நீட்டி, “துண்டு, சேர்!” என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கரை நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் ஆசிரியரைக் கூப்பிடுவது ‘சேர்’ என்றுதான், எழுதுவதும் அப்படியே.

சிரித்து முடிந்த பிறகு கேட்டேன். முப்பத்தொரு பேரில் ஒருவரும் கோப்பு அழியும் என்று சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் ‘துண்டு நீக்கு’ என்று எழுதினேன். பாதிப் பேர் அழியும் என்றார்கள்.

———

தங்கச்சி, நீங்கள் சொல்வது நியாயம்தான், ‘சேர்’ காலியான சொல் இல்லை. ஆனால் இணைப்பு அதைவிட நெருக்கடியில் இருக்கிறது: மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, வலைப்பக்கத்தில் சொடுக்குவதும் இணைப்பு, வீட்டுக்கு வருகிற இணையமும் இணைப்பு. இரண்டு கோப்பை ஒட்டி ஒன்றாக்குகிறது என்றும் நினைப்பார்கள். ‘துண்டு சேர்’ என்பதைப் பிழையாக விளங்கிக்கொண்ட ஒருவர், என்ன துண்டு என்று என்னைக் கேட்பார், அவ்வளவுதான். இரவு எட்டரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொலைபேசி எடுக்க மாட்டார். மயக்கமில்லாத சொல் கிடைக்கும்வரை, ஆபத்தில்லாத மயக்கம் எனக்குப் போதும்.

சேர் அவர்களுக்கு: அந்தப் பெடியனைக் குழுவில் சேர்த்துவிடுங்கோ.

பற்றுச்சீட்டுப் புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகிறது. அதில் ‘துண்டுசேர்ப்பு (உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்)’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் பார்க்க ரீச்சரிடமே கொடுத்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.