பழைய செயின் சா: சூடானால் நின்றுவிடுகிறது, வெட்டு வலப்பக்கம் வளைகிறது – உதவி தேவை

முள்வேலி (கேட்டவர்)

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த ஒரு செயின் சா என் கைக்கு வந்திருக்கிறது. 50 சிசி, 18 அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு). புதரும் நடுத்தர மரங்களும் மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்த இதைத்தான் நம்பியிருக்கிறேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவை ஊற்றினேன். பிளக் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டயாஃபிரம்களையும் புதிதாகப் போட்டேன். குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. தொல்லையெல்லாம் அதன் பிறகுதான்.

சூடேறியதும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் உடனே தணிவதில்லை. சில நொடிகள் இரைந்துவிட்டுத்தான் இறங்குகிறது. பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறுகிறது, சில சமயம் நின்றும்விடுகிறது. நின்றால் ஆறும்வரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. ஐடிலிங்கிலேயே சங்கிலி மெல்ல நகர்கிறது.

வெட்டும்போது இன்னொரு தலைவலி. பார் நேராக இறங்காமல் வலப்பக்கம் வளைந்து போகிறது. விழுவது மாவு போன்ற தூள். பார் நுனியில் புகை வருகிறது.

இதற்கு மேலும் செலவழிக்கலாமா, உதிரி பாகங்களுக்காக ஓரங்கட்டிவிடலாமா?

டூஸ்ட்ரோக்

எஞ்சினுக்குள் போகும் காற்றோடு சேரும் பெட்ரோல் குறைகிறது, அவ்வளவுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) இரண்டு ஸ்க்ரூக்களையும் கால் சுற்று வெளியே திருப்புங்கள். ஆயிலையும் கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள், பிஸ்டனுக்கு நல்லது.

பட்டறை

தம்பி, ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். பெட்ரோல் குறைகிறது என்பது சரி. ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் தங்குவது, சாய்த்தால் ஐடிலிங் மாறுவது: இவை இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது காற்றுக் கசிவை. கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ ஓர் இடத்தில் எஞ்சின் திருட்டுக் காற்று குடிக்கிறது. ஸ்க்ரூவைத் திருப்பினால் அந்தக் கசிவுக்கு ஈடாகப் பெட்ரோல் கூடும், மிஷின் சிறிது காலம் சமாதானமாக ஓடும். ஆனால் கசிவு நாளுக்கு நாள் பெரிதாகும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்றில் ஓடும் பிஸ்டன் அதைத் தாங்காது.

ஆயிலைக் கூட்டுவதும் உதவாது. அதே அளவு கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, காற்றோடு சேரும் பெட்ரோல் இன்னும் குறையும். கையேடு பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. அதில் நில்லுங்கள்.

செலவழிக்கலாமா என்று கேட்டீர்கள். அதற்கான பதில் சைலன்சருக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தால் புகை வெளியேறும் துளை வழியே பிஸ்டனின் பக்கச் சுவர் மேலும் கீழும் போவது தெரியும். கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் நல்ல பிஸ்டன். மேலிருந்து கீழாக நகத்தில் தட்டும்படி கீறல்கள் இருந்தால் முன்பே ஒருமுறை இறுகியிருக்கிறது. ரிங் தன் பள்ளத்தில் அசைகிறதா என்றும் ஒரு மரக்குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கையோடு சைலன்சரில் இருக்கும் பொறி தடுக்கும் வலையையும் பாருங்கள். கரி அடைத்திருந்தால் வலிமை குறைந்துவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். வலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், காய்ந்த புல்லில் வேலை செய்யப்போகிறீர்கள்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் அளந்து சொல்லுங்கள். 150 பி.எஸ்.ஐ அளவில் இருந்தால் மகிழ்ச்சி. 100-க்குக் கீழே இருந்தால் சிலிண்டர் வேலை இருக்கிறது.

காயில்

சூடானதும் ஸ்டார்ட் ஆகாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். நின்ற அதே நிமிடத்தில் பிளக்கைக் கழற்றி, உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பொறி வராவிட்டால் இக்னிஷன் காயில் சூட்டில் படுத்துவிடுகிறது. அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். அதன் பிறகு உடனே ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இரண்டும் செலவில்லாத சோதனைகள்.

முள்வேலி

பட்டறை ஐயா, காயில் நண்பரே, நன்றி. பிஸ்டனில் கீறல் இல்லை, குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. கம்ப்ரஷன் 145. சூட்டிலும் பொறி நீலமாகப் பளிச்சென்று வருகிறது. மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை. பொறி தடுக்கும் வலை பாதி அடைத்திருந்தது, சுத்தம் செய்துவிட்டேன். கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டறை

145 என்றால் அந்த மிஷினுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. உதிரிக்குப் போடும் பேச்சை விடுங்கள்.

ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கார்புரேட்டர் கிளீனரைச் சுற்றிலும் அடித்து, வேகம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிக்கும் வேலை அது, எனக்குப் பிடிக்காது. காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். சைக்கிள் டியூபை வெட்டிச் சைலன்சருக்கு அடியில் வைத்து முடுக்கினால் அந்தப் பக்கம் அடைபடும். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, உள்ளிழுக்கும் ரப்பர் குழாயின் வாயையும் அடைத்துவிடுங்கள். கார்புரேட்டருக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் சிறு குழாய் வழியாகக் கைப்பம்பால் சுமார் 7 பி.எஸ்.ஐ அழுத்தம் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பம்பின் அழுத்தமானி முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தேட வேண்டிய இடங்கள்: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் (மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும்), கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) இரு முனைகளிலும் இருக்கும் ஆயில் சீல்கள், சிலிண்டர் அடி கேஸ்கெட். சில சீல்கள் அழுத்தத்தைத் தாங்கும், வெற்றிடத்தில் கசியும். எனவே பம்பைத் திருப்பி உறிஞ்சவிட்டும் பாருங்கள்.

டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறிக் காய்ந்த பழைய குழாய் தொட்டால் முறியும். டேங்கினுள் இருக்கும் ஃபில்டரும் கூடவே.

முள்வேலி

பிடித்துவிட்டேன். ரப்பர் குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில் வெடிப்பு. அதை மாற்றிய பிறகும் முள் மெதுவாக இறங்கியது. கிளட்ச் பக்கத்து ஆயில் சீலில் குமிழி வருகிறது. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிறது. கிளட்ச்சைக் கழற்ற முடியவில்லை, அசைய மறுக்கிறது.

பட்டறை

பெரும்பாலான மிஷின்களில் கிளட்ச் இடது மரை. அதாவது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பலரும் இங்கேதான் வழக்கம்போலத் திருப்பி இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். கிளட்ச்சின் மேலேயே அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கிராங்க் சுழலாமல் நிறுத்த இரும்பு எதையும் உள்ளே விடாதீர்கள். பிஸ்டன் ஏறும்போது, புகைத் துளையை அது மூடிய பிறகு, பிளக் துளை வழியாகச் சுத்தமான பருத்திக் கயிற்றைச் சுருள் சுருளாகத் திணியுங்கள். துளை மூடுவதற்கு முன்பே திணித்தால் கயிறு அதில் மாட்டி அறுபடும். மீதிக் கயிறு வெளியே தொங்கட்டும்.

பழைய சீலை நெம்பும்போது கிராங்க் தண்டில் கீறல் விழக்கூடாது, விழுந்தால் புதுச் சீலும் கசியும். புதியதன் உதட்டில் ஆயில் தடவி, சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். கிளட்ச் கையில் இருக்கும்போதே அதன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தளர்ந்தோ முறிந்தோ இருந்தால் ஐடிலிங்கில் சங்கிலி நகர்வதற்கு அதுவும் காரணம்.

பிறகு மறுபடி அழுத்தச் சோதனை. முள் நின்றால்தான் ஸ்க்ரூவுக்கு வேலை. இரண்டையும் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி (அழுத்தினால் ஊசி முனை கெடும்), கையேட்டில் வேறு அளவு இல்லையென்றால் ஒரு சுற்று வெளியே எடுங்கள். ஏர் ஃபில்டர் சுத்தமாக மாட்டியிருக்க வேண்டும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். முதலில் எல்: ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தயங்காமல் ஏற வேண்டும். அடுத்து ஐடிலிங் ஸ்க்ரூ: சங்கிலி அசையாமல், எஞ்சின் நிற்காமல். கடைசியில் எச்: வெறுமனே முழு வேகத்தில் பிடித்தால் சத்தம் சற்றுத் திக்கி உடைந்து வர வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தத் திக்கல் போய்த் தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்தில் கீச்சென்று தெளிவாகக் கத்தினால் பெட்ரோல் போதவில்லை, உடனே எச்-ஐ வெளியே திருப்புங்கள். கையில் டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் கருவி) இருந்தால் கையேடு சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

அரம்

எஞ்சினுக்கு வைத்தியம் ஆகிவிட்டது, வெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! மாவு போன்ற தூள் என்றால் சங்கிலி மழுங்கிவிட்டது. கூரான சங்கிலி சீவல்களாகத் தள்ளும், தானாகவே மரத்துக்குள் இறங்கும். நீங்கள் அழுத்த வேண்டியதே இல்லை. "மிஷினுக்கு இழுவை இல்லை" என்று வரும் புகார்களில் பாதி எஞ்சினில் இல்லை, பல்லில் இருக்கிறது.

வளைவுக்கும் அதுதான் காரணமாக இருக்கும். பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி வருகின்றன. 1946-இல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, அடிக்கட்டையைக் குடையும் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகத் தாடையை ஆட்டி மரத்தைத் தின்பதைப் பார்த்துத்தான் இன்றைய சங்கிலிப் பல்லுக்கு முன்னோடியை வடிவமைத்தார். ஒரு பக்கத் தாடை மழுங்கினால் புழு கோணலாகத்தானே போகும்? வெட்டு எப்போதும் கூரும் நீளமும் அதிகமுள்ள பக்கத்தை நோக்கிச் சாயும். உங்களுக்கு வலப்பக்கம் வளைகிறது என்றால் இடப்பக்கப் பற்கள் மழுங்கியோ தேய்ந்தோ இருக்கும். கல்லில் பட்ட சங்கிலியாக இருக்கலாம்.

மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். வட்ட அரத்தின் விட்டம் பிட்சை (சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) பொறுத்தது: .325-க்கு 4.8 மிமீ, சிறிய மிஷின்களில் வரும் தாழ்ந்த வகை 3/8-க்கு 4 மிமீ, முழு அளவு 3/8-க்கு 5.2 அல்லது 5.5 மிமீ. பல்லின் மேல் தகட்டில் கோடு பொறித்திருக்கும், பொதுவாக 30 பாகை. அந்தக் கோணத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள்.

பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல் முனையிலிருந்து சுமார் 0.65 மிமீ கீழே. அதற்கென்று தகடு கிடைக்கிறது, கண்மதிப்பில் செய்யாதீர்கள். அளவுக்கு மீறி இறக்கினால் சங்கிலி மரத்தைப் பிடுங்கும், மிஷின் உங்கள் மேல் எகிறும்.

பாரையும் திருப்பிப் பாருங்கள். இரு விளிம்புகளில் ஒன்று தாழ்ந்திருந்தாலும் வெட்டு வளையும். தட்டை அரத்தால் சமப்படுத்தி, பிசிறுகளைத் தேய்த்து, பள்ளத்திலுள்ள அழுக்கைச் சுரண்டி எடுங்கள். சங்கிலியைத் தீட்டும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

முள்வேலி

சீல் மாற்றிவிட்டேன். முள் நிற்கிறது, ஐடிலிங் கடிகாரம் மாதிரி ஓடுகிறது, சங்கிலியும் அசையவில்லை. தீட்டிய பிறகு வெட்டும் நேராகிவிட்டது. ஆனால் நுனியில் புகை மட்டும் நிற்கவில்லை. டேங்கில் சங்கிலி ஆயில் அப்படியே இருக்கிறது.

அரம்

பாரைக் கழற்றினால் மிஷினின் உடம்பில் ஆயில் வெளிவரும் துளை தெரியும், அதற்கு நேராகப் பாரிலும் ஒரு சிறு துளை. இரண்டிலும் மரத்தூளும் பழைய ஆயிலும் சேர்ந்து களிம்பாக இறுகியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். டேங்கினுள்ளும் ஒரு ஃபில்டர் உண்டு, மண்ணெண்ணெயில் அலசுங்கள். பிறகு பார் நுனியை வெளிர் நிற அட்டைக்கு மேலே, தொடாமல் பிடித்து வேகம் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பம்ப்பைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் உலோகத்தூள் இருக்கும், தோலுக்கும் நல்லதல்ல, சங்கிலியில் ஒட்டாமல் தெறித்துவிடும்.

மரவெட்டி

நிலத்தைத் திருத்துவது பற்றி ஒன்றிரண்டு. விரல் பருமன் புதர்களுக்கு இந்த மிஷினைத் தூக்காதீர்கள். மெல்லிய கிளை சங்கிலியில் சிக்கி முகத்தில் அடிக்கும். அதற்கு அரிவாளோ புதர் வெட்டும் மிஷினோ போதும். அடிக்கட்டையை மண்ணோடு மட்டமாக அறுக்க ஆசைப்படாதீர்கள். சங்கிலி ஒருமுறை மண்ணில் உரசினால் மறுபடி அரம்தான். வேரடியில் மண் ஒட்டியிருந்தால் அந்தப் பட்டையைக் கோடாலியால் செதுக்கிவிட்டு வையுங்கள்.

பார் நுனியின் மேல் கால்பாகம் எதிலும் படக்கூடாது. அடர்ந்த புதருக்குள் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கேதான் மிஷின் எகிறிப் பின்னால் வரும். பழைய மிஷின் என்பதால் சங்கிலி பிரேக்கைச் சோதியுங்கள்: முழு வேகத்தில் மணிக்கட்டால் முன் தடுப்பைத் தள்ளினால் சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். வேறொரு மரம் விழுந்து வில்லாக வளைத்து வைத்திருக்கும் இளமரத்தை நடுவில் ஒரே வெட்டில் அறுக்காதீர்கள். வளைவின் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி இழுவிசையைத் தளர்த்துங்கள், நிற்பது பக்கவாட்டில் இருக்கட்டும். ஹெல்மெட், காது மூடி, வெட்டுத் தடுப்புக் கால்சட்டை எல்லாம் மிஷினின் உதிரி பாகம் என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முள்வேலி

துளை அடைப்புதான். இப்போது அட்டையில் கோடு விழுகிறது. பிரேக்கும் பிடிக்கிறது. கடைசியாக ஒன்று: இடையிடையே சில வாரங்கள் வேலை நிற்கும். பெட்ரோலை டேங்கிலேயே விடலாமா?

பட்டறை

வேண்டாம். டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். கலவையை ஒரு மாதத் தேவைக்கு மட்டும் கலந்து வையுங்கள். மீண்டும் ஊற்றும்போது கேனைக் குலுக்குங்கள். நிரப்பிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.