48 வயதில் நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி (முத்தியால்பேட்டை):
ஆறு மாதங்களாகத் தினமும் விடியற்காலையில், காலை 7.30 மணி வரை வாகனங்கள் அனுமதிக்கப்படாத புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை சென்று திரும்பி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கிறேன். ஆயினும் அரிசிப் பையுடன் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தொடைகளும் நடுங்குகின்றன. என்ன தவறு செய்கிறேன்?

பதில் 1 (லாஸ்பேட்டை, இயன்முறை மருத்துவர்):
சகோதரி, முதலில் வேகத்தைக் கவனியுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. தோழியரோடு ஊர்க்கதை பேசி உலாவுவது மனத்துக்கு நல்லதே, ஆனால் இதயத்துக்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாள்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும் குறையத் தொடங்குவதால், அதை நடையால் மட்டும் ஈடுகட்ட இயலாது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமருங்கள். தொடை நடுக்கத்துக்கு அதுவே தொடக்கம். மூச்சிரைப்பு நீடித்தால் ரத்தசோகை, தைராய்டு, இதயப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதில் 2 (கடலூர்):
தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெறுங்காலுடன் மணலில் நடந்து, குதிகால் வலியால் ஒரு மாதம் முடங்கினேன். மணலில் உழைப்பு அதிகம் என்பது உண்மையே, ஆனால் பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இன்று நாற்காலியில் முயன்றேன். ஆறாவது முறையே கை தானாக ஊன்றிக்கொண்டது.