கிளாட் தேர்வு: ஆங்கிலச் சொற்களை மனத்தில் நிறுத்த வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், தமிழ்வழி. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரும் ஆசையில் கிளாட் என்னும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம்தான் இடிக்கிறது.

பயிற்சி மையத்தில் அகரவரிசையில் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறார்கள். ஒப்பித்தும் விடுகிறாள். ஆனால் 2020 முதல் இந்தத் தேர்வில் சுமார் 450 சொற்கள் கொண்ட பத்தியைக் கொடுத்து, அதிலிருந்துதான் கேள்வி கேட்கிறார்கள். 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று மனப்பாடம் செய்தவள், பொருளாதாரத் தடை பற்றிய பத்தியில் அதே சொல்லைப் பார்த்து விழிக்கிறாள். யூகித்து எழுதலாம் என்றால், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும்.

தமிழ்வழியில் படித்து இத்தேர்வை எழுதியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நாளிதழ்த் தலையங்கத்தை எப்படிப் படித்தீர்கள்? தெரியாத சொல் வந்ததுமே அகராதியைப் புரட்டினீர்களா, முழுதும் படித்த பிறகா? தமிழில் பொருள் தரும் அகராதி போதுமா, ஆங்கிலத்திலேயே விளக்குவது வேண்டுமா? சொல்லட்டைகளை எத்தனை நாள் இடைவெளியில் திருப்பிப் பார்த்தீர்கள்?

தேர்வு டிசம்பரில். கட்டண வகுப்புகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். இன்னொன்றுக்குப் பணம் கட்ட வசதியில்லை.